குறுக்கீடும் கருவகமும்: சாதன இயக்கிகளில் குறுக்கீட்டுச் சுமையைக் குறைக்கும் முறைகள்

1. முன்னுரை

கணிப்பொறியின் மையச் செயலகம் மிகுந்த விரைவுடையது. அதனோடு இணைக்கப்பட்டுள்ள சாதனங்களோ தத்தம் போக்கில் இயங்குவன. விசைப்பலகையில் அடுத்த எழுத்து எப்பொழுது அழுத்தப்படும், வலையமைப்பு அட்டைக்கு அடுத்த பொட்டலம் எப்பொழுது வந்து சேரும், வட்டிடம் கேட்ட தரவு எப்பொழுது ஆயத்தமாகும் என்பவற்றை மையச் செயலகம் முன்கூட்டியே அறிய இயலாது. இந்நிலையில் அதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு சாதனத்திடமும் 'செய்தி உண்டா?' என இடைவிடாது வினவிக்கொண்டிருத்தல். மற்றொன்று, தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்து, சாதனம் அழைக்கும்பொழுது மட்டும் அதனைக் கவனித்தல். முன்னதை வினவல் முறை என்றும் பின்னதைக் குறுக்கீட்டு முறை என்றும் கூறலாம்.

குறுக்கீடு என்னும் சொல் அன்றாட வழக்கில் வேண்டாத தலையீட்டைக் குறிக்கும். கணிப்பொறியியலில் அது வேண்டி ஏற்படுத்திக்கொண்ட தலையீடாகும். எனினும் அச்சொல்லின் பழைய பொருள் இங்கும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. குறுக்கீடுகள் அளவு மீறும்பொழுது, உதவிக்கென வந்த ஏற்பாடே இடையூறாக மாறிவிடுகிறது. ஒரு கணிப்பொறி முழு மூச்சுடன் இயங்கிக்கொண்டே பயனுள்ள வேலை எதனையும் செய்யாத நிலையையும் அடையக்கூடும்.

இயக்க முறைமையின் நடுப்பகுதி கெர்னல் எனப்படும் கருவகம். அதனுள் இருந்துகொண்டு ஒவ்வொரு சாதனத்தையும் கையாளும் நிரல், டிரைவர் எனப்படும் இயக்கி. குறுக்கீடுகளை ஏற்று ஆவன செய்யும் பொறுப்பு இயக்கியினுடையது. குறுக்கீட்டைக் கையாளும் திறன் என்பது குறுக்கீட்டு நிரலின் வரிகளை விரைவுபடுத்துவதில் மட்டும் அடங்கியதன்று. எந்த வேலையை எப்பொழுது செய்வது, எதனைத் தள்ளிவைப்பது, எப்பொழுது குறுக்கீட்டையே மறுப்பது என்னும் பங்கீட்டிலேயே அது பெரிதும் அடங்கியுள்ளது. இதனைச் சான்றுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குறுக்கீட்டின் தோற்றமும் இயல்பும்

தொடக்கக் காலக் கணிப்பொறிகள், ஒரு சாதனம் தன் வேலையை முடிக்கும்வரை வேறொன்றும் செய்யாது காத்திருந்தன. விலையுயர்ந்த மையச் செயலகம் இவ்வாறு வீணே காத்திருப்பதைத் தவிர்க்கவே குறுக்கீடு தோன்றியது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனம் உருவாக்கிய டைசியாக், உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனங்களின் குறுக்கீட்டை ஏற்ற முதற் கணிப்பொறிகளுள் ஒன்றாகும்.

அதனை அடுத்த ஆண்டுகளில் நெதர்லாந்தில் எக்ஸ்1 என்னும் கணிப்பொறி வடிவமைக்கப்பட்டது. அதற்குக் குறுக்கீட்டு வசதி அமைக்கலாம் என உடன் பணியாற்றியோர் கூறியபொழுது, அதற்கான நிரலை எழுத வேண்டியிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா முதலில் பெரிதும் தயங்கினார். அவருடைய அச்சம் பொருளுடையது. அதுவரை ஒரே நிரலை ஒரே தரவுடன் எத்தனை முறை இயக்கினாலும் அது ஒரே பாதையிலேயே செல்லும்; பிழை நேர்ந்தால் மீண்டும் இயக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். குறுக்கீடு வந்த பின்னரோ, எந்த இரு ஆணைகளுக்கு இடையிலும் நிரல் நிறுத்தப்படலாம். ஒரு முறை தோன்றிய பிழை மறுமுறை தோன்றாமற்போகலாம். இச்சிக்கலை ஒழுங்குபடுத்தி எக்ஸ்1 கணிப்பொறிக்குத் தாம் உருவாக்கிய குறுக்கீட்டு நிரலையே அவர் 1959ஆம் ஆண்டில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாக்கினார்.

இவ்வச்சத்திலிருந்து பிறந்த அடிப்படை விதி இன்றும் மாறவில்லை. குறுக்கீட்டு நிரல், தான் புகுந்த இடத்தில் இருந்தவற்றை இருந்தவாறே விட்டுச் செல்ல வேண்டும். இவ்விதியைக் காப்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியுள்ளது. அவ்விலையே குறுக்கீட்டின் செலவாகும்.

3. செலவின் கணக்கு

ஒரு குறுக்கீடு வந்தவுடன் மையச் செயலகம் தான் தொடங்கி வைத்திருந்த ஆணைகளை முடித்தோ கைவிட்டோ நிற்கிறது; பதிவகங்களில் இருந்த மதிப்புகளை நினைவகத்தில் சேமிக்கிறது; கருவகத்தின் அதிகார நிலைக்கு மாறுகிறது; உரிய குறுக்கீட்டு நிரலைக் கண்டறிந்து அதனுள் புகுகிறது. இது முதற் செலவு. குறுக்கீட்டு நிரல் சாதனத்தின் பதிவகத்தைப் படித்து நடந்தது யாதென அறிகிறது. இத்தகைய படிப்பு விரைவு நினைவகத்தின் துணையின்றித் தடம் கடந்து சென்று திரும்ப வேண்டியதாகையால், அது முடிவதற்குள் மையச் செயலகம் பல நூறு ஆணைகளைச் செய்து முடித்திருக்கலாம். இது இரண்டாம் செலவு. மூன்றாவது செலவு கண்ணுக்குத் தெரியாதது. குறுக்கீட்டு நிரலும் அதன் தரவும் விரைவு நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்வதால், அங்கிருந்த பழைய நிரலின் தரவு வெளியேற்றப்படுகிறது. திரும்பி வந்த நிரல் சிறிது நேரம் மெதுவாகவே இயங்கும். இந்த இழப்பு குறுக்கீட்டின் கணக்கில் எழுதப்படுவதில்லை. இடையில் நிறுத்தப்பட்ட நிரலின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

இவற்றின் விளைவை எளிய சாதனமொன்றைக் கொண்டு காணலாம். பழைய ஐபிஎம் தனியாள் கணிப்பொறியின் தொடர் இணைப்பு 8250 என்னும் சில்லைக் கொண்டு இயங்கியது. அது வந்து சேர்ந்த ஒரே ஒரு பைட்டை மட்டும் வைத்திருக்க வல்லது. நொடிக்கு 1,15,200 பிட் என்னும் வேகத்தில், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுக் குறிகளுடன் 10 பிட்டுகள் வீதம், நொடிக்கு 11,520 பைட்டுகள் வரும் எனக் கொள்வோம். 8250 போன்ற ஒரு பைட்டுச் சில்லுக்கு இவ்வேகத்தில் நொடிக்கு 11,520 குறுக்கீடுகள் தேவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 87 மைக்ரோ நொடிகளுக்குள் கவனிக்கப்பட வேண்டும். தவறினால் வந்த பைட்டின் மீது அடுத்த பைட்டு எழுதப்பட்டு, முன்னது அழிந்துவிடும்.

பின்னர் வந்த 16550ஏ சில்லில் 16 பைட்டுகள் கொள்ளும் வரிசை ஒன்று அமைந்தது. எத்தனை பைட்டுகள் சேர்ந்த பின் குறுக்கிட வேண்டும் என்பதை இயக்கியே 1, 4, 8, 14 ஆகியவற்றுள் ஒன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். 14 எனத் தேர்ந்தால் குறுக்கீடுகள் நொடிக்கு 823ஆகக் குறைகின்றன. ஆயின் எஞ்சியிருப்பது இரு பைட்டுகளுக்கான இடமே. ஏறத்தாழ 260 மைக்ரோ நொடிகளுக்குள் குறுக்கீட்டு நிரல் வந்து சேராவிடில் தரவு இழக்கப்படும். 8 எனத் தேர்ந்தால் குறுக்கீடுகள் 1,440 ஆகும். அவகாசமோ ஏறத்தாழ 780 மைக்ரோ நொடிகளாக உயரும். லினக்ஸ் கருவகம் இச்சில்லுக்கு 8 என்னும் அளவையே இயல்பாகக் கொள்கிறது. குறுக்கீடுகளின் எண்ணிக்கையை மேலும் குறைக்க வழியிருந்தும், தரவு இழப்புக்கு எதிரான அவகாசத்தையே அது தேர்ந்திருக்கிறது எனலாம்.

மற்றொரு நுட்பமும் இச்சில்லில் உண்டு. எட்டுப் பைட்டுகள் சேருமுன் அனுப்புவோர் நிறுத்திவிட்டால், வந்தவை வரிசையிலேயே தங்கிவிடும் அன்றோ? அதனைத் தவிர்க்க, நான்கு பைட்டுகளுக்கான நேரம் புதிய வரவு இன்றிக் கழிந்தால் சில்லு தானே குறுக்கிடுகிறது. எண்ணிக்கை ஒன்று, காலம் ஒன்று என இரு வரம்புகளைக் கொண்ட இவ்வேற்பாடு, இன்றைய அதிவேக அட்டைகள் வரை தொடர்வதைப் பின்னர்க் காணலாம்.

4. இரு பாதிகள்

குறுக்கீட்டு நிரல் இயங்கும்பொழுது, பொதுவாக அந்தச் செயலகத்தில் பிற குறுக்கீடுகள் தடுத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே ஓர் இயக்கி எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் அதனை மட்டும் பாதிப்பதில்லை. காத்திருக்கும் பிற சாதனங்கள் அனைத்தையும் பாதிக்கிறது. வட்டு இயக்கி நீண்ட நேரம் தங்கினால், தொடர் இணைப்பில் பைட்டு அழியும். பிழை ஓரிடத்திலும் இழப்பு வேறோரிடத்திலும் தோன்றுவதால், இத்தகைய குறைகளைக் கண்டறிவது கடினமாகும்.

இதற்குக் கண்ட தீர்வு, வேலையை இரண்டாகப் பிரித்தலாகும். உடனே செய்தாக வேண்டியவை மேற்பாதி எனப்படும். சற்றுப் பொறுத்துச் செய்யத்தக்கவை கீழ்ப்பாதி எனப்படும். மேற்பாதியின் கடமைகள் நான்கு: குறுக்கிட்டது தன் சாதனம்தானா என அறிதல், சாதனத்தின் அழைப்பை ஏற்று அதனை அமைதிப்படுத்துதல், தாமதித்தால் அழியக்கூடியவற்றை மட்டும் எடுத்து வைத்தல், எஞ்சிய வேலையைக் கீழ்ப்பாதிக்குக் குறித்து வைத்தல். பொட்டலத்தின் தலைப்பை ஆராய்தல், சரிபார்ப்புத் தொகையைக் கணித்தல், காத்திருக்கும் பயன்பாட்டு நிரலை எழுப்பித் தரவை அளித்தல் முதலியன கீழ்ப்பாதியைச் சார்ந்தவை.

இப்பிரிவு எல்லாப் பெரிய இயக்க முறைமைகளிலும் காணப்படுகிறது. விண்டோஸ் முறைமையில் தள்ளிவைத்த வேலைக்கெனத் தனி வரிசை உண்டு. அவ்வரிசையில் உள்ள ஒரு வேலை 100 மைக்ரோ நொடிகளுக்கு மேல் நீடித்தல் கூடாது என இயக்கி எழுதுவோர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. லினக்ஸ் கருவகத்தில் தொடக்கத்தில் 32 கீழ்ப்பாதிகள் இருந்தன. கணிப்பொறியில் எத்தனை செயலகங்கள் இருப்பினும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கீழ்ப்பாதிதான் இயங்க முடியும் என்பது அவற்றின் குறை. செயலகங்கள் பெருகியபொழுது இதுவே நெரிசலாயிற்று. 2001ஆம் ஆண்டில் வெளியான 2.4ஆம் பதிப்பில், ஒவ்வொரு செயலகமும் தனித்தனியே தன் கீழ்ப்பாதி வேலைகளைச் செய்ய வல்ல மென்குறுக்கீட்டு முறை நிலைபெற்றது. 2009ஆம் ஆண்டின் 2.6.30ஆம் பதிப்பு மேலும் ஒரு படி சென்று, கீழ்ப்பாதியைத் தனி இழையாக இயக்கும் வசதியை இயக்கிகளுக்கு அளித்தது. இழையாக இயங்கும் வேலை தூங்கலாம், காத்திருக்கலாம், அதற்கு முன்னுரிமை எண் வழங்கலாம். அதற்கு ஈடாக, இழையை எழுப்பி மாற்றும் செலவு ஒவ்வொரு முறையும் சேர்கிறது. மெதுவான சாதனங்களுக்கு இச்செலவு பொருட்டன்று. அதிவேகச் சாதனங்களுக்கு எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

5. உயிர்ப்பூட்டு

இரு பாதிகளாகப் பிரித்தல் ஒவ்வொரு குறுக்கீட்டின் நேரத்தைக் குறைக்கிறது. குறுக்கீடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. வலையமைப்பின் வேகம் பெருகியபொழுது எண்ணிக்கையே முதன்மைச் சிக்கலாயிற்று.

ஈதர்நெட் வலையமைப்பில் மிகச் சிறிய சட்டம் 64 பைட்டுகள் கொண்டது. முன்னோட்டக் குறியும் இடைவெளியும் சேர்ந்து அது கம்பியில் 84 பைட்டுகளுக்கான, அதாவது 672 பிட்டுகளுக்கான நேரத்தைக் கொள்ளும். எனவே நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அதிகமாக 14,880 சட்டங்கள் வரலாம். 1 கிகாபிட் வேகத்தில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 14 இலட்சத்து 88 ஆயிரம். 10 கிகாபிட் வேகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம். இறுதியில் கூறிய வேகத்தில் ஒரு சட்டத்திற்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ நொடிகளே. ஒரு குறுக்கீட்டிற்கு 2 மைக்ரோ நொடிகள் ஆகுமென எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால், 1 கிகாபிட் வேகத்திலேயே ஒரு நொடியில் வரும் குறுக்கீடுகளை ஏற்பதற்கு ஏறத்தாழ 3 நொடிகள் தேவைப்படும்.

இந்நிலையில் கணிப்பொறி வெறுமனே மெதுவாகுமென எண்ணுதல் தவறு. நிகழ்வது அதனினும் கொடியது. மேற்பாதிக்கு எப்பொழுதும் முன்னுரிமை உண்டு. பொட்டலங்கள் இடைவிடாது வரும்பொழுது மேற்பாதியே மீண்டும் மீண்டும் இயங்குகிறது. கீழ்ப்பாதிக்கு முறை வருவதேயில்லை. ஏற்ற பொட்டலங்கள் வரிசையில் நிறைந்து, இடமின்றி எறியப்படுகின்றன. எறியப்பட்ட ஒவ்வொரு பொட்டலமும் ஏற்கப்படுவதற்கான செலவை முன்னரே உண்டுவிட்டது. மையச் செயலகம் முழுமையாக உழைக்கிறது. வெளிவரும் பயன் சுழி. ஒருவரையொருவர் எதிர்பார்த்து அனைவரும் அசைவற்று நிற்கும் நிலை முட்டுப்பூட்டு எனப்படும். இங்கோ அசைவு உண்டு, முன்னேற்றம் இல்லை. ஆதலால் இது உயிர்ப்பூட்டு எனப்படுகிறது.

ஜெஃப்ரி மோகல், கே. கே. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. பொட்டலங்களைச் சோதித்து அனுப்பும் நிரல் ஒன்றைக் கொண்ட வழிச்செலுத்தியில், நொடிக்கு 2,000 பொட்டலங்களுக்கு மேல் செயல்திறன் சரியத் தொடங்கியது. ஏறத்தாழ 6,000 பொட்டலங்களில் ஒன்றுகூட வெளியேறவில்லை. மிகுந்த பளுவில் ஒரு முறைமை தன் உச்சத் திறனிலேயே நிலைத்து நிற்க வேண்டுமேயன்றிச் சுழிக்கு வீழ்தல் கூடாது என்பது இவ்வாய்வின் அடிப்படைக் கருத்தாகும்.

இதற்கு உறவுடைய நிகழ்ச்சியொன்று அதற்கு முன்னரே உலகறிய நடந்தது. 1969 சூலை 20 அன்று அப்போலோ 11 விண்கலத்தின் ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபொழுது, அதன் கணிப்பொறி 1202, 1201 என்னும் எச்சரிக்கைகளை எழுப்பியது. அவ்வேளையில் பயன்படாத சந்திப்பு ராடாரின் கோண அளவிகள், மின்னோட்டக் கட்டப் பொருத்தமின்மையால் இடைவிடாது துடிப்புகளை அனுப்பின. ஒவ்வொரு துடிப்பும் கணிப்பொறியின் ஒரு நினைவகச் சுழற்சியை, அதாவது 11.7 மைக்ரோ நொடிகளைக் கவர்ந்தது. நொடிக்கு 12,800 வரை எழக்கூடிய அத்துடிப்புகள் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 13 முதல் 15 விழுக்காட்டை உண்டன. இவை நிரலை இயக்கும் முழுக் குறுக்கீடுகள் அல்ல. எனினும் வேண்டாத சாதனம் கேளாமலே நேரத்தைக் கவர்வது என்னும் தன்மை ஒன்றே. அக்கணிப்பொறியின் நிரல், பளு மிகுந்தபொழுது தன்னை மறுதொடக்கம் செய்து, இன்றியமையாத வேலைகளை மட்டும் மீட்டெடுத்துத் தொடருமாறு அமைக்கப்பட்டிருந்தது. அதனால் கலம் பாதுகாப்பாக இறங்கியது. பளுவை விலக்க இயலாதபொழுது எதனைக் கைவிடலாம் என முன்னரே முடிவு செய்து வைத்தலின் சிறப்பை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

6. குறுக்கீடும் வினவலும் இணைந்த முறை

உயிர்ப்பூட்டுக்கு மோகலும் இராமகிருஷ்ணனும் கூறிய தீர்வு, தோற்றத்தில் பின்னோக்கிச் செல்வது போன்றது: மீண்டும் வினவல் முறைக்கு வருதல். ஆயின் எப்பொழுதும் அன்று; பளு மிகுந்தபொழுது மட்டும். வரவு அரிதாக உள்ளபோது வினவுதல் வீண், குறுக்கீடே சிறந்தது. வரவு இடைவிடாது உள்ளபோது குறுக்கீடு வீண். 'செய்தி உண்டு' என்பது ஏற்கெனவே தெரிந்ததாகையால், அதனை அறிவிக்க ஒரு தனி அழைப்பு தேவையில்லை.

இக்கருத்தை லினக்ஸ் கருவகத்தில் நிலைபெறச் செய்தது நாப்பி எனப்படும் இடைமுகம். ஜமால் ஹாதி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்சி குஸ்னெட்சோவ் ஆகியோர் 2001ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். இதன் செயல்முறை வருமாறு. முதற் பொட்டலம் வந்ததும் அட்டை குறுக்கிடுகிறது. மேற்பாதி, அட்டையின் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, அந்த அட்டையை வினவல் பட்டியலில் சேர்த்துத் திரும்புகிறது. பின்னர்க் கருவகம் பட்டியலில் உள்ள அட்டைகளை முறை வைத்து வினவுகிறது. ஒரு முறைக்கு ஓர் அட்டையிலிருந்து இயல்பாக 64 பொட்டலங்கள் வரை எடுக்கலாம். ஒரு சுற்றில் எல்லா அட்டைகளிலிருந்தும் சேர்த்து 300 என்பது இயல்பான வரம்பு. தனக்குரிய பங்கினும் குறைவான பொட்டலங்களே இருந்தால் வரிசை காலியாயிற்று எனப் பொருள். உடனே அட்டையின் குறுக்கீடு மீண்டும் திறக்கப்படுகிறது.

இம்முறையின் பயன்கள் மூன்று. பளு மிகும்தோறும் குறுக்கீடுகள் தாமாகவே குறைகின்றன. வரம்பு இருப்பதால் ஓர் அட்டை பிறவற்றைப் பட்டினி போட இயலாது. மூன்றாவது பயனே தலையாயது: கருவகத்தால் எடுக்க இயலாத பொட்டலங்கள் அட்டையின் வரிசை நிறைந்ததும் அங்கேயே கைவிடப்படுகின்றன. மையச் செயலகம் அவற்றுக்காக ஒரு கணமும் செலவிடுவதில்லை. இழப்பு தவிர்க்க இயலாததாயின் வாயிலிலேயே இழப்பது நன்று. உள்ளே அழைத்து உபசரித்த பின் வெளியேற்றுவதே வீண் செலவு.

இயக்கி எழுதுவோர் பெரிதும் இடறும் இடம் ஒன்று இம்முறையில் உண்டு. வரிசை காலி எனக் கண்ட கணத்திற்கும் குறுக்கீட்டைத் திறக்கும் கணத்திற்கும் இடையே ஒரு பொட்டலம் வந்துவிட்டால் என்னாகும்? சில அட்டைகள் தம் நிலையை நினைவில் வைத்திருந்து, திறந்தவுடன் குறுக்கிடும், அவற்றில் தீங்கில்லை. நிகழ்வின் கணத்தில் மட்டும் அழைக்கும் அட்டைகளிலோ அந்த அழைப்பு இழக்கப்படும். பொட்டலம் வரிசையில் காத்திருக்கும். அதனை எடுக்க எவரும் வாரார். அடுத்த பொட்டலம் வரும்வரை இணைப்பு உறைந்து நிற்கும். ஆதலின் இத்தகைய அட்டைகளின் இயக்கி, குறுக்கீட்டைத் திறந்த பின்னர் வரிசையை மீண்டும் ஒரு முறை நோக்குதல் வேண்டும். சோதித்தல், திறத்தல், மீண்டும் சோதித்தல் என்னும் இவ்வொழுங்கைக் கைவிட்டால், ஆயிரம் முறை சரியாக இயங்கிய இயக்கி ஆயிரத்தோராம் முறை நின்றுவிடும். டைக்ஸ்ட்ரா அஞ்சிய, மீண்டும் தோன்றாப் பிழை இவ்வகையைச் சார்ந்ததே.

7. தொகுத்து அறிவித்தல்

குறுக்கீடுகளைச் சாதனத்திலேயே தொகுத்தல் மற்றொரு வழி. இன்றைய வலையமைப்பு அட்டைகளில் இத்தனை சட்டங்கள் சேர்ந்த பின், அல்லது இத்தனை மைக்ரோ நொடிகள் கழிந்த பின் குறுக்கிடுக என அமைக்கலாம். 16550ஏ சில்லின் இரு வரம்புகளே இங்கு வேறுருவில் தொடர்கின்றன எனலாம்.

இதில் பயனும் இழப்பும் ஒருங்கே உள்ளன. 100 மைக்ரோ நொடி காத்திருக்குமாறு அமைத்தால், குறுக்கீடுகள் நொடிக்கு 10,000ஐத் தாண்டா. பெருங்கோப்புகளை அனுப்பும் கணிப்பொறிக்கு இது நன்று. ஆயின் தனித்து வரும் சிறு வினாவொன்றும் 100 மைக்ரோ நொடி வரை வீணே காத்திருக்க நேரும். ஒன்றன்பின் ஒன்றாக வினாவும் விடையும் பரிமாறும் தரவுத்தளம் போன்ற பயன்பாட்டில் இத்தாமதம் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் சேர்ந்து பெருகும். எனவே எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொருந்தும் ஒரே அளவு இல்லை. வரவின் வேகத்தைக் கண்டு வரம்பைத் தாமே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு பல இயக்கிகளில் இடம்பெற்றிருப்பதன் காரணம் இதுவே.

2025 சனவரியில் வெளியான லினக்ஸ் 6.13ஆம் பதிப்பு இதனை மேலும் செம்மைப்படுத்தியது. பயன்பாட்டு நிரல் வரவுகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்கும்வரை குறுக்கீட்டை நிறுத்தி வைத்து, அந்நிரல் வேலையின்றி ஓயும்பொழுது மீண்டும் திறக்கும் வசதியை அது சேர்த்தது. எப்பொழுதும் வினவிக்கொண்டேயிருக்கும் முறையில் தாமதம் மிகக் குறைவு. ஆயின் வரவு இல்லாத நள்ளிரவிலும் ஒரு முழுச் செயலகம் மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும். அவ்விரயத்தைத் தவிர்த்து அதன் விரைவைப் பெறுதலே இத்தகைய முயற்சிகளின் நோக்கம்.

8. பல செயலகங்களுக்குப் பங்கிடல்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணிப்பொறியின் 8259ஏ கட்டுப்படுத்தி எட்டுக் குறுக்கீட்டுக் கம்பிகளை மட்டுமே கொண்டது. 1984ஆம் ஆண்டின் ஏடி வடிவில் அவை பதினைந்தாயின. கம்பிகள் குறைவாதலின், பின்னர் வந்த பிசிஐ தடத்தில் பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. குறுக்கீடு வந்தால், அக்கம்பியில் உள்ள ஒவ்வோர் இயக்கியும் தன் சாதனத்தைப் படித்து, 'என்னுடையது' அல்லது 'என்னுடையதன்று' எனக் கூற வேண்டும். செலவு மிகுந்த இரண்டாம் படிப்பு இங்குப் பன்மடங்காகிறது. எல்லா இயக்கிகளும் மறுத்துவிட்டால், அழைப்பு ஓயாது தொடரும். 1,00,000 முறைகளில் 99,900 முறை எவரும் ஏற்காவிடில் லினக்ஸ் கருவகம் அக்கம்பியையே மூடிவிடுகிறது.

கம்பியை விடுத்து, குறிப்பிட்டதொரு முகவரியில் எழுதுவதன் வாயிலாகக் குறுக்கிடும் செய்திக் குறுக்கீட்டு முறை இந்நிலையை மாற்றியது. அதன் முதல் வடிவில் ஒரு சாதனத்திற்கு 32 குறுக்கீடுகள் வரையிலும், விரிந்த வடிவில் 2,048 வரையிலும் பெறலாம். பகிர்வு நீங்கியதால் 'யார் அழைத்தது?' என்னும் வினாவும் நீங்கிற்று. வேறொரு பயனும் உண்டு. கம்பி வழி வரும் குறுக்கீடு, சாதனம் அனுப்பிய தரவு நினைவகத்தை அடையுமுன்னரே வந்துவிடலாம். எனவே இயக்கி சாதனத்தை ஒரு முறை படித்து, தரவு வந்து சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டியிருந்தது. செய்தியோ தரவு சென்ற பாதையிலேயே அதன்பின் செல்வதால் அதனை முந்துவதில்லை.

இதன் துணையால் இன்றைய அட்டைகள் பல வரிசைகளைக் கொண்டுள்ளன. ஒவ்வொரு வரிசையின் குறுக்கீடும் வெவ்வேறு செயலகத்திற்குச் செல்லுமாறு அமைக்கலாம். ஒரே இணைப்பைச் சார்ந்த பொட்டலங்கள் ஒரே வரிசைக்குச் செல்லுமாறு அட்டை பங்கிடுவதால், அவற்றின் ஒழுங்கும் கெடுவதில்லை. குறுக்கீட்டை ஏற்கும் செயலகமும் தரவைப் பயன்படுத்தும் நிரல் இயங்கும் செயலகமும் ஒன்றாகவோ அண்மையிலோ அமைதல் சிறப்பு. தொலைவில் அமைந்தால், விரைவு நினைவகத்தில் இருக்க வேண்டிய தரவு ஒரு செயலகத்திலிருந்து மற்றொன்றுக்கு அலைய நேரும். குறுக்கீடுகளைச் சமமாகப் பங்கிடுதல் எப்பொழுதும் நன்றென எண்ணுதல் ஆகாது. வேலையைத் தரவு இருக்கும் இடத்திற்கு அனுப்புதலே நன்று.

9. அளந்து அறிதல்

இம்முறைகளுள் எதனைக் கைக்கொள்வது என்பதை அளவீடே முடிவு செய்தல் வேண்டும். லினக்ஸ் முறைமையில் புரோக் கோப்பகத்தில் உள்ள இன்டரப்ட்ஸ் என்னும் கோப்பு, ஒவ்வொரு குறுக்கீடும் ஒவ்வொரு செயலகத்திற்கும் எத்தனை முறை வந்ததெனக் காட்டும். ஒரே செயலகத்தின் கீழ் எண்கள் விரைந்து பெருகினால் பங்கீட்டில் குறையுண்டு. எண்ணிக்கை குறைவாக இருந்தும் நேரம் மிகுதியாகச் செலவானால் குறுக்கீட்டு நிரல் நீண்டுள்ளது. அட்டையின் வரிசையிலேயே பொட்டலங்கள் கைவிடப்பட்டால் கீழ்ப்பாதிக்கு நேரம் போதவில்லை. ஒவ்வொரு குறைக்கும் தீர்வு வேறு.

சராசரியை மட்டும் நோக்குதலும் போதாது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறியில், ஆயிரம் முறை விரைந்து விடையளித்து ஒரு முறை தாமதித்தாலும் அது பிழையே. அத்தகைய பயனுக்கென உருவான நிகழ்நேர மாற்றங்கள் நீண்ட காலம் தனியே பேணப்பட்டு, 2024 நவம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பில் லினக்ஸ் கருவகத்துடன் இணைந்தன. அவ்வமைப்பில் பெரும்பாலான குறுக்கீட்டு நிரல்கள் இழைகளாகவே இயங்குகின்றன. இன்றியமையாத பணிக்கு அவற்றினும் உயர்ந்த முன்னுரிமை அளிக்க இயலும். மொத்த வேகத்தில் சிறிது இழந்து, உறுதியைப் பெறும் ஏற்பாடு இது.

10. முடிவுரை

தொடர் இணைப்பின் ஒரு பைட்டு முதல் 10 கிகாபிட் வலையமைப்பின் பொட்டல வெள்ளம் வரை, சிக்கலின் உருவம் மாறினும் தீர்வின் உள்ளீடு மாறவில்லை. உடனே அழியக்கூடியதை மட்டும் உடனே கவனித்தல், பிறவற்றைத் தள்ளிவைத்தல், பலவற்றைச் சேர்த்து ஒருங்கே செய்தல், தெரிந்த செய்தியை மீண்டும் அறிவிக்க விடாதிருத்தல், ஏற்க இயலாததை வாயிலிலேயே மறுத்தல் ஆகிய ஐந்தினுள் அது அடங்கும். இவை அனைத்தும் ஒன்றையொன்று இழுப்பவை. தாமதத்தைக் குறைத்தால் செலவு கூடும், செலவைக் குறைத்தால் தாமதம் கூடும். எனவே எந்தச் சாதனத்திற்கு, எந்தப் பயனுக்கு என வினவாது குறுக்கீட்டைச் செம்மைப்படுத்த இயலாது. உற்றவிடத்து அழைப்பை ஏற்கவும், மிக்கவிடத்து அதனை நிறுத்திவைக்கவும் அறிந்த இயக்கியே கருவகத்திற்குத் துணையாகும்.